உடைவாளில் தொங்கிய மானம்

வியன்னா நகரில் ஓர் இசையரங்கம். நிகழ்ச்சி முடிந்துவிட்டது. மேலங்கிகளைத் திரும்பப் பெறும் இடத்தில் கூட்டம் முட்டி மோதுகிறது. மின்னும் பொத்தான்கள் கொண்ட சீருடையும் இடையிலே உடைவாளுமாக நிற்கும் இளம் படை அதிகாரி ஒருவன், முன்னே நிற்கும் பருத்த மனிதரைப் பார்த்துச் சீறுகிறான். அவர் ரொட்டி சுட்டு விற்கும் தொழிலர், தோள் வலுத்தவர். திரும்பிப் பார்க்கிறார். அதிகாரியின் உடைவாள் கைப்பிடியைத் தம் கையால் இறுகப் பற்றுகிறார். பிறர் காதில் விழாதபடி மெல்லிய குரலில், அறிவற்ற சிறுவன் என்று பொருள்படும் ஏச்சுச் சொல் ஒன்றை வீசுகிறார். துள்ளினால் வாளை உருவி ஒடித்து உன் படைப்பிரிவுக்கே அனுப்பிவைப்பேன் என்று எச்சரிக்கிறார். பிறகு, ஒன்றும் நடவாதது போல் விடைபெற்றுப் போய்விடுகிறார்.

கண்டவர் எவருமில்லை, கேட்டவர் எவருமில்லை. ஆயினும் அந்த அதிகாரி சாகவேண்டும்!

ஏன் சாகவேண்டும்? திருடினானா? நாட்டைக் காட்டிக் கொடுத்தானா? இல்லை. ரொட்டி விற்பவர் அவனை ஏசிவிட்டார். வாளை உருவி அந்த இடத்திலேயே அவரை வெட்டியிருந்தால் மானம் பிழைத்திருக்கும். கைப்பிடி அவர் பிடியில் இருந்ததால் அது முடியவில்லை. மறுநாள் அவரைப் போருக்கு அழைக்கலாமா என்றால், அதற்கும் வழியில்லை. அவர் 'தகுதியுடையவர்' அல்லர்! ஆகவே, பொழுது விடிந்ததும் துப்பாக்கியை எடுத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொள்ள வேண்டும். இதுதான் ஆஸ்திரியப் பேரரசு தன் படை அதிகாரிகளுக்கு வகுத்தளித்த மானத்தின் இலக்கணம்.

ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதிய 'லெப்டினன்ட் குஸ்டல்' என்னும் கதையின் கரு இது. 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள், வியன்னாவின் பெயர்பெற்ற நாளேடு ஒன்றில் அது வெளிவந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் உருண்டன, பேரரசு வீழ்ந்தது, படை கலைந்தது. அதன்பின் 1932இல் ஜோசப் ரோத் 'ரடெட்ஸ்கி மார்ச்' என்ற புதினத்தை எழுதினார். முதலாமவர் பேரரசு உயிரோடிருக்கும்போதே அதன் முகத்திரையைக் கிழித்தவர். இரண்டாமவர் அது செத்த பிறகு அதன் கல்லறையில் மலர் வைத்து அழுதவர். ஒருவர் நகைக்கிறார், மற்றவர் கண்ணீர் உகுக்கிறார். ஆனால் இருவரும் காட்டும் உண்மை ஒன்றே: பிறர் கொடுத்த மானம் பிறர் பறிக்கக்கூடிய மானம், அதை நம்பி வாழ்பவன், வாளேந்தியவனாயினும் அடிமையே.

யார் இந்த அதிகாரிகள்?

1848 முதல் 1916 வரை 68 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர் பிரான்சு ஜோசப். படைச் சீருடையே அவருடைய அன்றாட உடை. செர்மானியர், அங்கேரியர், செக்கர், போலந்தியர், உக்ரேனியர், குரோவாத்தியர், ருமேனியர், சுலோவேனியர் எனப் பத்துக்கு மேற்பட்ட மொழியினத்தார் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். அத்தனை பேரையும் பிணைத்து நிறுத்திய கயிறுகளுள் வலுவானது படை. அந்தப் படையின் முறுக்கு அதிகாரிகள்.

பழம்பெருங் கோமான்களின் பிள்ளைகள் குதிரைப்படையை நாடினர். பளிச்சிடும் உடுப்பு, உயர்சாதிக் குதிரை, சூதாட்டம், விருந்து, நடனம் ஆகியவை அவர்களுக்குக் கடமையைவிட நெருக்கமாக இருந்தன. நூற்றாண்டின் இறுதியில் அதிகாரிகளில் பெரும்பாலோர் பட்டமில்லாக் குடும்பங்களிலிருந்தே வந்தனர். ஆனால் அதனால் படை மக்கள்மயமாகிவிட்டதா? இல்லை, மக்களிடமிருந்து வந்தவர்கள் கோமான்மயமானார்கள்! முப்பது ஆண்டு பழுதற்ற பணி புரிந்தால் பிரபுப் பட்டம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 1757இல் மரியா தெரசா நிறுவிய போர்வீர விருதைப் பெற்றவர் 'பாரன்' ஆகலாம். ஆக, சீருடை என்பது கோமான் வாழ்வுக்குத் தவணையில் வாங்கும் நுழைவுச் சீட்டு.

உள்ளே நுழைந்தவன் வாழ்வோ? ஊதியம் குறைவு, செலவு கூடுதல். கடன் வாங்காத லெப்டினன்ட் அரிது. திருமணம் செய்துகொள்ள மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதோடு பெருந்தொகை ஒன்றைப் பிணைப்பணமாகக் கட்டவும் வேண்டும். கட்ட வழியற்றவன், விரும்பிய பெண்ணை மணக்க முடியாது. பணக்காரப் பெண்ணைத் தேடவேண்டும், அல்லது தனித்தே நரைக்கவேண்டும். மனைவியைத் தேர்ந்துகொள்ளும் உரிமைகூட இல்லாத மனிதன், உலகுக்கெல்லாம் மானத்தின் காவலனாக மார்தட்டுகிறான்!

திறனாய்வாளன் தராசை ஒருபக்கம் சாய்க்கக்கூடாது. அந்தப் படையில் நல்லதும் இருந்தது. ஏறத்தாழ 80 கட்டளைச் சொற்கள் மட்டுமே செர்மன் மொழியில் வழங்கின. மற்றபடி, தன் பிரிவின் வீரர் பேசும் மொழியை அதிகாரி கற்றே தீரவேண்டும். அதிகாரிகளுக்குள்ளே 'நீ' என்று ஒருமையில் பேசிக்கொள்ளும் தோழமை இருந்தது. கோமான் மகனும் எழுத்தர் மகனும் அங்கே ஒருவரையொருவர் அவ்வாறே அழைத்தனர். யூதர்களும், வேறு பல நாட்டுப் படைகளைவிட இங்கே அதிக எண்ணிக்கையில், அதிகாரிகளாக முடிந்தது. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த 'நீ' என்ற தோழமை அதிகாரிகளின் வட்டத்துக்குள்ளேயே நின்றது. அந்த எல்லைக்கு வெளியே நின்றவர்தாம் அந்த ரொட்டி விற்பவர்.

மானம் யாருக்கு உண்டு?

இருவர் சாட்சிகளை நிறுத்தி, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், வாளாலோ துப்பாக்கியாலோ பொருதும் வழக்கத்தை 'டூயல்' என்பர். ஆஸ்திரியச் சட்டப்படி அது குற்றம். ஆனால் அழைப்பை ஏற்க மறுக்கும் அதிகாரியை மானமன்றம் விசாரித்துப் பதவியைப் பறிக்கும். போரிட்டால் சட்டத்தின் குற்றவாளி. போரிடாவிட்டால் படையின் குற்றவாளி! 1900இல் டாக்கோலி என்னும் பிரபுக்குல லெப்டினன்ட், தன் சமய நெறிக்கு மாறானது என்று கூறி டூயலுக்கு மறுத்தார். அவர் செய்தது சரியே என்று லெடோகோவ்ஸ்கி என்னும் கோமகன் சொன்னார். அவர் படைத்தலைமை அலுவலகத்தின் அதிகாரி. இருவர் பதவியும் பறிபோயிற்று. மதத்தின் பேரால் ஆளும் அரசு, மதம் கொலையைத் தடுக்கிறது என்று ஒருவர் நினைவூட்டியதும் அவரை வெளியே தள்ளியது! அந்த அரசுக்கு மதம் ஊர்வலத்துக்கு வேண்டும், ஒழுக்கத்துக்கு வேண்டாம்.

இந்த டூயலுக்கு எல்லோரையும் அழைத்துவிட முடியாது. அதற்கென ஒரு தகுதி உண்டு. அதிகாரி, கோமான், பட்டதாரி எனத் தகுதியுடையோர் பட்டியல் நீளும். உழைப்பவன் பெயர் அதில் இராது. உழைப்பவன் ஏசினால் அவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல முடியாது, ஏனெனில் அவனுக்கு மானமே இல்லையாம்! 1896இல் செர்மானிய தேசிய மாணவர் சங்கங்கள் வைட்கோபென் தீர்மானத்தில் இன்னும் ஒரு படி தாழ்ந்தன: யூதனாகப் பிறந்தவன் பிறப்பாலேயே மானமற்றவன், ஆகவே அவனோடு டூயல் செய்வதில்லை என்று முடிவு கட்டின. பிறப்பை வைத்து மானத்தை அளக்கும் இந்த அளவுகோலைப் பற்றி, இவ்வேட்டின் வாசகர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

இந்தச் சூழலை அறிந்துகொண்டு கதைக்குத் திரும்புவோம். ஷ்னிட்ஸ்லர் குஸ்டலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவன் உள்ளத்தில் ஓடும் எண்ணங்களையே அப்படியே எழுதிவிடுகிறார். செர்மன் இலக்கியத்தில் கதை முழுவதையும் உள்ளத்தின் பேச்சாகவே அமைத்த முதல் முயற்சியாக அதைக் கொண்டாடுவர். நான் கொண்டாடுவது வேறொன்றை. அந்த மண்டைக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே வீரம் இல்லை, வெறுமைதான் இருக்கிறது. சூதில் தோற்ற பணம், வேறொருவன் பராமரிக்கும் காதலி, யூதர்மேல் காழ்ப்பு, எப்போது முடியும் என்று ஏங்கவைத்த இசை ஆகியவைதாம் அவன் எண்ணங்கள்.

அவன் இரவெல்லாம் அலைகிறான். பூங்கா இருக்கையில் உறங்கிப்போகிறான். அந்த நடையின் நடுவே உறுதி பூணுகிறான்: ரொட்டி விற்பவர் இன்றிரவே நோய் கண்டு செத்தாலும்கூட, நடந்ததை நான் அறிவேன், இழிவைச் சுமந்துகொண்டு இந்த உடையை இனி அணியேன் என்று. கேட்க எவ்வளவு கம்பீரம்! காலையில் காப்பிக் கடைக்குப் போகிறான். அங்கே செய்தி காத்திருக்கிறது: ரொட்டி விற்பவர் நள்ளிரவில் மாரடித்ததுபோல் திடீர் நோயால் இறந்துவிட்டார்! குஸ்டல் துள்ளிக் குதிக்கிறான். சுருட்டுப் புகைக்கிறான். அன்று மாலை வேறொருவரோடு நடக்கவிருக்கும் டூயலை நினைத்து உற்சாகம் கொள்கிறான்.

'நான் அறிவேனே' என்றவன் எங்கே போனான்? நெஞ்சறிந்த இழிவுக்காகச் சாகப் புறப்பட்டவன், சொன்ன வாய் மூடியதும் பிழைத்துக்கொண்டான். அவன் மானம் அவன் நெஞ்சில் இருந்ததே இல்லை; ரொட்டி விற்பவரின் நாவில் இருந்தது. அதைக் காட்டத்தான் ஆசிரியர் அவரைச் சாகடித்தார். சிலர் இந்த முடிவைத் தற்செயலின் துணையால் அமைந்த எளிய முடிவு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. தற்செயல் இங்கே உரைகல். அதில் உரசியதும் பொன் என்று சொல்லப்பட்டது பித்தளை என்று தெரிந்தது.

படை அதைத் தாங்குமா? ஷ்னிட்ஸ்லர் மருத்துவர், சேமப்படையில் மருத்துவ அதிகாரி, யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படையினருக்கான ஏடு ஒன்று அவரைத் தாக்கியது. 1901இல் மானமன்றம் கூடியது. அவர் அதன்முன் செல்லவில்லை. அதிகாரித் தகுதியைப் பறித்தார்கள். சாட்டிய குற்றங்களுள் ஒன்றைக் கேளுங்கள்: தம்மைத் தாக்கிய ஏட்டாசிரியரை அவர் டூயலுக்கு அழைக்கவில்லையாம்! டூயலின் மடமையைக் கதையாக எழுதியவரைத் தண்டித்த மன்றம், அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதி முடித்தது.

பாடநூலில் புகுந்த பொய்

ரோத்தின் புதினம் வேறொரு வாயிலைத் திறக்கிறது. 1859 ஆம் ஆண்டு ஜூன் 24, சோல்பெரினோ போர்க்களம். இளம் பேரரசர் தொலைநோக்கியைக் கண்ணருகே கொண்டுபோகிறார். எதிரி குறிவைக்க அது போதும். அருகிலிருந்த காலாட்படை லெப்டினன்ட் டிரோட்டா, பேரரசரைத் தோளைப் பற்றிக் கீழே தள்ளுகிறான். குண்டு அவன் தோளில் பாய்கிறது. சுலோவேனியக் குடியானவரின் பேரனான அவன் பிரபு ஆகிறான்.

ஆண்டுகள் பல கழித்து, தன் மகனின் பாடநூலைப் புரட்டுகிறான். அதில் அவன் குதிரைமீது அமர்ந்திருக்கிறான், வாள் சுழற்றுகிறான், சூழ்ந்த பகைவரை வெட்டி வீழ்த்துகிறான்! அவன் குதிரைவீரனும் அல்லன். வாள் வீசவும் இல்லை. பொய்யை நீக்குங்கள் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறுகிறான். பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதவேண்டும் என்று கைவிரிக்கிறார்கள். இறுதியில் பேரரசரிடமே போகிறான். உயிர்காத்தவனுக்குப் பேரரசர் உண்மையைத் தரவில்லை. அந்தப் பாடத்தில் நம் இருவருக்கும் குறையொன்றும் இல்லையே என்ற வகையில் ஆறுதல் தருகிறார். டிரோட்டா படையை விட்டு விலகுகிறான். மகன் படையில் சேரக்கூடாதென்று தடுக்கிறான்.

பள்ளியில் பாடம் சொல்லும் எனக்கு இந்தப் பகுதி நெஞ்சில் தைத்தது. மன்னரின் குதிரைக்கு என்ன நிறம் என்றுகூடச் சொல்லும் பாடநூல், அவர் படைக்குச் சோறு சமைத்தவர் யார் என்று சொல்வதில்லை. அதையே நானும் உரக்கப் படித்து, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைத்த நாட்கள் உண்டு. அந்த முரட்டு லெப்டினன்ட் என் கையைப் பிடித்து, 'உனக்குத் தெரியுமே, பிறகு ஏன் படித்தாய்?' என்று கேட்பதுபோல் இருந்தது. மேன்மையான பொய் என்று ஒன்று இல்லை. பிள்ளையின் முன் சொல்லும்போது அது இன்னும் கீழானது.

டிரோட்டா ஒருவனே இந்த இரு ஏடுகளிலும் தன்மானம் உடைய அதிகாரி. புகழ் வந்தபோது அது பொய் என்பதற்காக அதை மறுத்தான் அல்லவா? பட்டம் கொடுத்த கையையே எதிர்த்து நின்றான் அல்லவா? மானம் உள்ளே இருப்பவனுக்கே அது இயலும்.

வாளும் வாளியும்

பேரன் கார்ல் ஜோசப்புக்கு அந்த வலிமை இல்லை. பாட்டனின் பெயரே அவனுக்கு முதலும் வட்டியும். குதிரைப்படையில் அவனுக்கு வாய்த்த ஒரே நண்பர் படைப்பிரிவு மருத்துவர் டெமாண்ட். யூதச் சாராயக் கடைக்காரரின் பேரன். குடிவெறியில் டாட்டன்பாக் என்னும் கோமகன், அவருடைய இனத்தைச் சொல்லி ஏசுகிறான். டூயல்! அது மடமை என்று டெமாண்டுக்குத் தெரியும். ஓடிவிட வலிமையில்லை என்றும் தெரியும். விடியலில் இருவரும் பிணம். உயிர்காக்கக் கற்ற மருத்துவர், இகழ்ந்தவன் கையாலேயே மாண்டு 'மானம்' காத்தார். யாரை இழிகுலம் என்றார்களோ, அவரே அந்தக் குலத்தாரின் விதிக்குத் தலைகொடுத்து, தாமும் தகுதியுடையவர் என்று காட்டவேண்டியிருந்தது. சமத்துவம் கிடைத்தது சாவில் மட்டுமே!

பிறகு உருசிய எல்லைப்புறப் படை, கடுஞ்சாராயம், சூதுக்கடன். தூரிகைமயிர் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். சுடச் சொல்லிக் கட்டளையிடுகிறான் கார்ல் ஜோசப். டூயலுக்கு ஆயிரம் விதி வகுத்தவர்கள், தொழிலாளியைச் சுட ஒரு விதியும் வகுக்கவில்லை. அங்கே சாட்சி இல்லை, எதிர்நிற்பவன் கையில் துப்பாக்கி இல்லை, மானமன்றமும் இல்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது தந்தை பேரரசரிடம் ஓடுகிறார்; சோல்பெரினோ வீரனின் பெயர் பேரனைக் காக்கிறது. பாட்டன் மறுத்த புகழைப் பேரன் கடனடைக்கச் செலவிட்டான்.

1914இல் போர் மூள்கிறது. தன் உக்ரேனிய வீரர்கள் நாவறண்டு தவிக்கக் கண்டு, கார்ல் ஜோசப் இரண்டு வாளிகளோடு கிணற்றுக்குப் போகிறான்; குண்டு பட்டு விழுகிறான். பாடநூலில் சேர்க்கத் தகாத முடிவு என்று ரோத்தே குத்திக்காட்டுகிறார். வாளோடு வாழ்ந்தபோது அவன் ஒருவருக்கும் பயன்படவில்லை. வாளியோடு செத்தபோதுதான் மனிதனானான். புதினத்தின் உச்சி இது. இந்த ஒரு காட்சிக்காகவே ரோத்தை வணங்கலாம்.

ஆனால் அவரோடு முற்றும் உடன்பட முடியுமா? 1894இல் பேரரசின் கிழக்கெல்லையில் பிரோடி நகரில் யூதராகப் பிறந்தவர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் செர்மனியை விட்டு ஓடியவர். 1939இல் பாரிசில் மாண்டவர். பின்னே வந்த கொடுமையைக் கண்டவருக்கு முன்னே இருந்தது பொன்னாகத் தோன்றியது. அந்தத் துயரம் நமக்குப் புரிகிறது. ஆயினும் பேரரசரை மறதியும் பரிவும் மிக்க முதியவராகத் தீட்டி நம் நெஞ்சை உருக்கும் அந்தத் தூரிகை, சுடப்பட்ட தொழிலாளியின் வீட்டுக்குள் நுழையவில்லை. பிரபு வீட்டுப் பணியாள் இறந்தால் பக்கம் பக்கமாகத் துயரம். தெருவில் விழுந்தவனுக்குப் பெயர்கூட இல்லை. பெண்களோ இரு ஏடுகளிலும் நிழல்களே. இது குறைதான். ரோத்தின் உள்ளம் பேரரசுக்கு வாதாடுகிறது. அவருடைய கலை அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நாம் சாட்சியை நம்புவோம்.

கதைதானே என்று ஒதுக்குவோர்க்கு ஒரு வரலாறு. 1913 மே மாதம், கர்னல் ரெடல் என்னும் உயர் அதிகாரி, உருசியாவுக்குப் படை இரகசியங்களை விற்றது வெளிப்பட்டது. ஒற்றறியும் துறையிலேயே முன்பு பொறுப்பு வகித்தவர் அவர்! அறிவுள்ள அரசு என்ன செய்யும்? காவலில் வைத்து, எதை விற்றார், யாருக்கு விற்றார் என்று அணு அணுவாக விசாரிக்கும். ஆஸ்திரியப் படைத்தலைமை என்ன செய்தது? நள்ளிரவில் விடுதிக்கு அதிகாரிகளை அனுப்பி, சிறிது கேட்டுவிட்டு, துப்பாக்கி கிடைக்கச் செய்து, சுட்டுக்கொள்ளட்டும் என்று வெளியே காத்திருந்தது. 25 ஆம் நாள் விடியுமுன் அவர் பிணம். படையின் மானம் காக்கப்பட்டது. விற்ற இரகசியத்தின் முழுக் கணக்கு அவரோடு புதைந்தது. செய்தியையும் மூடி மறைக்க முயன்றனர். எகான் எர்வின் கிஷ் என்ற செய்தியாளர் அதை அம்பலமாக்கினார். ஓராண்டு கழித்து மூண்ட போரில், 1914 முடிவதற்குள்ளாகவே, அந்தப் பழைய அதிகாரிக் கூட்டத்தின் பெரும்பகுதி மாண்டும் புண்பட்டும் சிறைப்பட்டும் போயிற்று. நாட்டைவிட மானத்தைப் பெரிதெனக் கொண்ட படை, இரண்டையும் இழந்தது.

1917இல் கடைசிப் பேரரசர் கார்ல் படையினருக்கு டூயலைத் தடைசெய்தார். பேரரசின் உயிர் போகும் நேரத்தில் பிறந்த அறிவு! 1919 ஏப்ரல் 3 ஆம் நாள் ஆஸ்திரியக் குடியரசு பிரபுப் பட்டங்களையே சட்டத்தால் ஒழித்தது. பெயருக்குமுன் நின்ற 'வான்' என்ற ஒட்டு உதிர்ந்தது. ஒரு பக்கச் சட்டத்தால் உதிரக்கூடிய ஒன்றுக்காகத்தான் இத்தனை உயிர்கள் விடியற்காலைப் பனியில் விழுந்தன.

இன்றும் வியன்னாவின் புத்தாண்டு இசைவிழா முடியும்போது, ரடெட்ஸ்கி என்னும் படைத்தலைவரின் பெயரால் 1848இல் முதலாம் ஸ்ட்ராவுஸ் அமைத்த அந்த நடையிசை வழக்கமாக ஒலிக்கிறது. அவையோர் கைதட்டித் தாளமிடுகிறார்கள். இசை இனிது, கேட்கலாம், தட்டலாம். ஆனால் அந்தத் தாளத்துக்கு நடந்தவர்களின் மானம் எங்கே தொங்கியது என்பதை மறக்கவேண்டாம்.

குஸ்டலின் கதையில் தன்மானத்தோடு நின்றவர் ஒருவர் உண்டு. அவருக்கு வாள் இல்லை, பட்டம் இல்லை, டூயலுக்கு அழைக்கப்படும் தகுதியும் இல்லை. அதட்டியவன் சீருடை அணிந்தவன் என்று தெரிந்தும் அஞ்சவில்லை. அவனை ஊரறிய இழிவுபடுத்தவும் விரும்பவில்லை. சொல்ல வேண்டியதை மெல்லச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார். யாரும் அவருக்கு அந்த மானத்தை வழங்கவில்லை. ஆகவே எவராலும் அதைப் பறிக்க முடியவில்லை.

அவர் ரொட்டி சுட்டுப் பிழைத்தவர்.